ஃபிரிஃபிரி சுடுவது எப்படி: தாஹிதித் தீவின் தேங்காய்ப்பால் பலகாரம்

பசிபிக் பெருங்கடலில் இருக்கும் தாஹிதித் தீவில் ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவு என்றால் வாரத்திலேயே பெரிய சாப்பாடு. தலைநகர் பாப்பேயேத்தேயின் சந்தை அன்று மட்டும் விடியுமுன்பே களைகட்டிவிடும். எலுமிச்சைச் சாற்றிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறிய பச்சை மீன், சுட்ட பன்றி இறைச்சி இவற்றோடு, எட்டு வடிவத்தில் முறுக்கி எண்ணெயில் பொரித்த, சீனி ஒட்டிய ஒரு பலகாரமும் பை பையாக வீட்டுக்குப் போகும். அதுதான் ஃபிரிஃபிரி. தாஹிதி மொழியில் ‘ஃபிரி’ என்றால் பின்னுதல். கூடவே காப்பி இருக்கும். அந்தக் காப்பியிலும் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொள்பவர்கள் உண்டு.

பாரம்பரியப் பலகாரம் என்று சொன்னாலும் இதன் வயதைக் கொஞ்சம் அளந்தே சொல்ல வேண்டும். கோதுமை அந்தத் தீவுகளில் விளையாது. பழைய தாஹிதியில் மண்பானையோ இரும்புச் சட்டியோ கிடையாது. சமையல் பெரும்பாலும் குழி தோண்டி, சூடேற்றிய கற்களின் மேல் இலை பரப்பிச் செய்யும் நிலவடுப்பில்தான். எனவே எண்ணெயில் மாவைப் பொரிப்பது 1767-ல் ஐரோப்பியக் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகு சேர்ந்த பழக்கமாகத்தான் இருக்க முடியும். ஆனால் பாலும் வெண்ணெயும் முட்டையும் இருக்க வேண்டிய இடத்தில் தேங்காய்ப்பாலை வைத்தது தீவுக்காரர்களின் கை. நல்ல ஃபிரிஃபிரிக்கு இன்றும் முட்டை வேண்டாம், வெண்ணெய் வேண்டாம்.

புதிதாகச் செய்பவர்கள் தவறுவதும் பெரும்பாலும் இதனால்தான். தேங்காய்ப்பாலை மணத்துக்குச் சேர்க்கும் பொருளாக நினைத்துவிடுகிறார்கள். இந்த மாவுக்கு வேண்டிய கொழுப்பு முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது. ஈரத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வருகிறது. பால் எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்து மாவின் பதம், புளிக்கும் நேரம், பொரியும் நிறம் எல்லாமே நகரும்.

அளவு

கீழே உள்ளது 13 ஃபிரிஃபிரிக்கான அளவு. நான்கைந்து பேர் கொண்ட வீட்டுக்குத் தாராளம்.

மைதா: 500 கிராம் (240 மில்லி கப்பில் தட்டையாக 4 கப்)
கெட்டித் தேங்காய்ப்பால்: 250 மில்லி
வெதுவெதுப்பான தண்ணீர்: 100 மில்லி
சீனி: 80 கிராம் (ஆறு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல்)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட்: 5 கிராம் (ஒன்றரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல்)
உப்பு: 5 கிராம் (தட்டையாக ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு)
பொரிக்க: நிலக்கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய், ஒரு லிட்டருக்குக் குறையாமல்
மேலே புரட்ட: சீனி 100 கிராம்

சமையலறைத் தராசு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மைதாவை அழுத்தி அள்ளினால் ஒரு கப்பில் 150 கிராம்கூட ஏறிவிடும். நான்கு கப்பில் 100 கிராம் கூடிவிட்டால் கிடைப்பது ஃபிரிஃபிரி அல்ல, கெட்டி பிஸ்கட்டு.

கோதுமை மாவை (ஆட்டா) பாதி கலக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். கால் பங்குவரை கலக்கலாம். அதற்கு மேல் போனால் தவிட்டுத் துணுக்குகள் மாவின் இழுவையை அறுத்துவிடும், பலகாரம் உப்பாது. ‘தானே உப்பும் மாவு’ என்று விற்கும் சோடா கலந்த மாவு இதற்கு ஆகாது.

சீனியைக் கூட்டும் ஆசை வரும், கட்டுப்படுத்துங்கள். 500 கிராம் மைதாவுக்கு 100 கிராமுக்கு மேல் போனால் இரண்டு கேடு. சீனி ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஈஸ்ட் மந்தமாகிவிடும். எண்ணெயில் போட்டதும் வெளிப்புறம் ஒரு நிமிடத்தில் கறுக்கும், உள்ளே மாவு மாவாகவே இருக்கும். இனிப்பு வேண்டுமானால் வெளியே புரட்டும் சீனியில் கூட்டுங்கள்.

தேங்காய்ப்பால்

தாஹிதியில் தேங்காய் துருவும் கருவியைப் பார்த்தால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். குட்டை மணையில் உட்கார்ந்து, முன்னால் நீட்டியிருக்கும் பல் வைத்த இரும்பில் மூடியைத் தேய்க்க வேண்டியதுதான், நம் துருவுபலகையேதான். அதன் பெயர் ‘அனா’. துருவலைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிவார்கள்.

வீட்டில் பிழிவதானால் நன்கு முற்றிய தேங்காயாக எடுங்கள். குலுக்கினால் தண்ணீர் ஓசை கேட்க வேண்டும், பருப்பு ஒரு சென்டிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். இளசில் கொழுப்பு குறைவு, பால் நீர்த்துப் போகும். மூன்று மூடித் துருவலை 120 மில்லி வெதுவெதுப்பான நீர் விட்டு மிக்சியில் அரை நிமிடம் மட்டும் ஓட்டி, மெல்லிய பருத்தித் துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்தால் 250 மில்லி முதல் பால் சிரமமில்லாமல் கிடைக்கும். அதிக நேரம் அரைத்தால் சக்கை மாவாகிப் பாலோடு வந்துவிடும். அது பொரிக்கும்போது எண்ணெயில் உதிர்ந்து கருகும்.

சக்கையைத் தூக்கிப் போட வேண்டாம். இன்னொரு முறை 100 மில்லி தண்ணீர் விட்டுப் பிழிந்த இரண்டாம் பாலை, மேலே அளவில் சொன்ன தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம். மணம் தூக்கலாக இருக்கும். தேங்காய் உடைத்தபோது கிடைத்த தண்ணீரும் வீண் இல்லை: ஆப்ப மாவு பொங்கத் தேங்காய்த் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதே காரணம் இங்கும் பொருந்தும். அதிலுள்ள இயற்கையான சர்க்கரை ஈஸ்டுக்குத் தீனி. புளிப்பு வாசம் அடிக்காத தண்ணீர் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

டின்னிலோ அட்டைப்பெட்டியிலோ வரும் பாலை வாங்கினால் பின்பக்கம் படியுங்கள். கொழுப்பு 100 மில்லிக்கு 17 முதல் 20 கிராம் என்றால் மேலே சொன்ன அளவு அப்படியே சரி. ‘லைட்’ என்று போட்டதில் அதில் பாதிகூட இருக்காது, அதை விட்டுவிடுங்கள். ‘கோகனட் கிரீம்’ என்றால் 24 கிராம் அளவில் இருக்கும்: அதில் 190 மில்லி எடுத்து 60 மில்லி தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். திறக்குமுன் நன்றாகக் குலுக்க வேண்டும். மேலே கட்டியாக நிற்கும் கொழுப்பை விட்டுவிட்டுக் கீழ்த் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, ‘எண்ணெயில் பொரித்த பன் மாதிரி இருக்கிறது’ என்று வருந்துபவர்கள் பலர். பால்பொடியானால் 65 கிராம் பொடியை 200 மில்லி வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து ஆறவிடுங்கள்.

பால் எப்படிப்பட்டதானாலும் கை பொறுக்கும் சூட்டில், 35 பாகை (டிகிரி செல்சியஸ்) அளவில் இருக்கட்டும். தேங்காய்க் கொழுப்பு 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றினால் கொழுப்பு மணி மணியாக நின்று மாவில் பரவாது. மறுபக்கம், அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பால் திரியும், அந்தச் சூடு ஈஸ்டையும் கொன்றுவிடும். ஈஸ்டின் எல்லை 55 பாகை சுமார்தான். பால் பாத்திரத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைப்பதே பாதுகாப்பான வழி.

மாவு பிசைதல்

கடையில் இரண்டு வகை உலர் ஈஸ்ட் கிடைக்கும். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ரவைபோல மிகப் பொடியாக இருக்கும், மைதாவோடு நேராகக் கலக்கலாம். ஆக்டிவ் டிரை ஈஸ்ட் கடுகு அளவுக் குருணையாக இருக்கும்; அதில் 6 முதல் 7 கிராம் எடுத்து, 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சீனியோடு போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. பதினைந்து நிமிடமாகியும் நுரை இல்லை என்றால் கொட்டிவிட்டுப் புதுப் பொட்டலம் வாங்குவதுதான் மிச்சம். ஓராண்டு முன் திறந்து அலமாரியில் கிடந்த டப்பாவை நம்பி அரைக் கிலோ மைதாவைப் பணயம் வைக்காதீர்கள்.

அகலமான பாத்திரத்தில் மைதா, சீனி, ஈஸ்ட், உப்பு நான்கையும் கலந்து நடுவில் குழி செய்யுங்கள். தேங்காய்ப்பாலை முழுவதும் ஊற்றுங்கள். தண்ணீரில் 70 மில்லியை மட்டும் சேர்த்து, 30 மில்லியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். (ஆக்டிவ் டிரை ஈஸ்டை 100 மில்லியிலும் கரைத்துவிட்டவர்கள் அந்த 30 மில்லியைத் தேங்காய்ப்பாலில் நிறுத்தி வைக்கலாம்.) மரக்கரண்டியால் கிளறி, உலர்ந்த மாவு எங்கும் தெரியாத நிலைக்கு வந்ததும் நிறுத்தி மூடி வையுங்கள், 20 நிமிடம். இந்த இடைவெளியைத் தாண்டிப் போகாதீர்கள். மாவு தானாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் பிறகு பிசையும் வேலை பாதியாகும். மேலும், ஊறிய பிறகுதான் மாவின் உண்மையான பதம் தெரியும். அதற்குமுன் ஒட்டுகிறதே என்று மைதா தூவுவதும், இறுக்கமாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றுவதும் அவசரம்.

20 நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். பரோட்டா மாவைவிட இளக்கமாக, போண்டா மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். விரலில் ஒட்டி, இழுத்தால் விட்டு வரும் பதம். இறுக்கமாக இருந்தால் நிறுத்தி வைத்த தண்ணீரை ஒவ்வொரு தேக்கரண்டியாகத் தெளித்துச் சேருங்கள்.

பிறகு 10 முதல் 12 நிமிடம் பிசைய வேண்டும். சாதாரண ரொட்டி மாவுக்கு எட்டு நிமிடம் போதும். இங்கே தேங்காய்க் கொழுப்பு மாவின் பசைத்தன்மையைப் போர்த்திக்கொண்டு இழுவை உருவாவதைத் தாமதப்படுத்துகிறது, அதனால் கூடுதல் நேரம். முதல் ஐந்து நிமிடம் கையெல்லாம் அப்பிக்கொள்ளும். அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் கலை. மைதா தூவாமல், உள்ளங்கையில் எண்ணெயும் தொடாமல், மாவைத் தூக்கி மேடையில் அடித்து, நீட்டி, மடித்துக்கொண்டே போங்கள். ஏழெட்டு நிமிடத்தில் மாவு கையை விட்டுவிட்டுத் தன்னோடு சேர்ந்துகொள்ளும். நெல்லிக்காய் அளவு எடுத்து நான்கு விரல்களால் மெல்ல விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக வர வேண்டும். வந்துவிட்டால் பிசைந்தது போதும்.

புளிக்க வைத்தல்

உருண்டையாக்கி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். 30 பாகை வெப்பத்தில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகும். 25 பாகையில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கடிகாரத்தைவிட மாவைப் பாருங்கள்: விரலை நனைத்து அரை அங்குலம் அழுத்தி எடுத்தால் பள்ளம் மெதுவாகப் பாதியளவு மேலே வர வேண்டும். சட்டென்று மேலே வந்தால் இன்னும் ஆகவில்லை. பள்ளம் அப்படியே நின்று சுற்றிலும் மாவு தளர்ந்தால் தாண்டிவிட்டது.

தாஹிதி வீடுகளில் சனிக்கிழமை இரவே மாவைப் பிசைந்து வைத்துவிட்டு ஞாயிறு அதிகாலையில் சுடுவது வழக்கம். நீங்களும் அப்படிச் செய்ய விரும்பினால், வெளியே வைக்காமல் குளிர்பெட்டியில் வையுங்கள். புதிதாகப் பிழிந்த தேங்காய்ப்பால் வெக்கையான இரவில் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிசைந்து அரை மணி வெளியே வைத்து, பிறகு மூடிக் குளிர்பெட்டியில் 8 முதல் 10 மணி நேரம். காலையில் எடுக்கும்போது மாவு கல் மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், உள்ளே உள்ள தேங்காய்க் கொழுப்பு உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் வெளியே இருந்தால் இளகிவிடும். இளகுமுன் திரிக்க முயன்றால் வெடித்து வெடித்து அறுபடும். இரவு முழுக்க வைத்த மாவில் மணம் கூடுதல், கொஞ்சம் புளிப்பும் ஏறும். ஒப்பிட்டுப் பார்த்தால் அதுவே மேல்.

எட்டு முறுக்குதல்

மாவை மெல்ல அழுத்திக் காற்றை இறக்கி, 70 கிராம் உருண்டைகளாகப் பிரியுங்கள்; பெரிய எலுமிச்சை அளவு. ஒவ்வொன்றையும் முதலில் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான குட்டைக் குழவியாக உருட்டி ஓரமாக வையுங்கள். எல்லாவற்றையும் அப்படி உருட்டி முடிப்பதற்குள் முதல் குழவி ஓய்வெடுத்திருக்கும். அதிலிருந்து தொடங்கி 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு, விரல் தடிமனுக்கு உருட்டுங்கள். ஒரே மூச்சில் நீட்டப் பார்த்தால் ரப்பர் மாதிரிப் பின்வாங்கும். அடம் பிடிக்கும் துண்டை ஐந்து நிமிடம் விட்டுவிட்டுத் திரும்ப வாருங்கள்.

இரண்டு முனையையும் தண்ணீர் தொட்டு, ஒன்றின் மேல் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் ஏறும்படி வைத்து அழுத்தி, அந்த இடத்தை உருட்டிச் சமன் செய்யுங்கள். இப்போது கையில் ஒரு வளையம். அதை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை அரைத் திருப்பு திருப்பினால் எட்டு. முனை ஒட்டிய இடம் நடுவில், குறுக்கே வரும் இழைக்கு அடியில் போகுமாறு திருப்பினால் எண்ணெயில் பிரியவே பிரியாது. உருட்டும்போது மேடையில் மைதா தூவக் கூடாது, எண்ணெயும் தடவக் கூடாது. இரண்டுமே முனைகளை ஒட்டவிடாது. ‘எட்டு விரிந்து எஸ் ஆகிவிட்டது’ என்ற குறைக்குப் பத்துக்கு ஒன்பது முறை இதுதான் காரணம்.

எட்டின் நடுச்சந்திதான் இந்தப் பலகாரத்தின் பலவீனம். இழை இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதால் அங்கே தடிமன் இருமடங்கு, வேக நேரம் பிடிக்கும். எனவே திருப்பியதும் சந்தியை விரலால் ஒருமுறை மெல்ல அமுக்கி, இரண்டு கண்களையும் அகலமாக விரித்து வையுங்கள். கண் சிறிதாக இருந்தால் உப்பும்போது மூடிக்கொண்டு வட்ட ரொட்டியாகிவிடும்.

முறுக்கிய எட்டுகளைத் தட்டில் வைத்துவிட்டுப் பிறகு கையால் தூக்கினால் காற்றெல்லாம் போய்விடும். உள்ளங்கை அளவு வாழையிலைத் துண்டுகளில் எண்ணெய் தடவி ஒவ்வொன்றையும் தனித்தனியாக வையுங்கள். இலையோடு எடுத்து எண்ணெய்க்கு அருகில் கொண்டுபோய்ச் சரித்தால் தானே வழுக்கி இறங்கும். பட்டர் பேப்பரும் சரி.

இந்த இரண்டாவது ஓய்வு 20 முதல் 30 நிமிடம். ஒன்றரை மடங்கு உப்பினால் போதும். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது: வாணலியில் ஒரு நேரத்தில் இரண்டு எட்டுதான் கொள்ளும், ஓர் ஈடு நான்கு நிமிடம், ஆக 13-ஐயும் சுட அரை மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கி வைத்தால் கடைசி ஈடு அளவுக்கு மீறிப் பொங்கி, எண்ணெயில் போட்டதும் சப்பென்று அமுங்கும். ஆகவே மாவைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுபாதியை முறுக்குங்கள். முதல் பாதி எண்ணெய்க்குப் போக இருபது நிமிடம் இருக்கும்போது இரண்டாம் பாதியை எடுத்தால் சரியாக இருக்கும்.

பொரித்தல்

குழிந்த வாணலியில் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு எண்ணெய் வேண்டும். பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். தேங்காய்ப் பலகாரத்தைத் தேங்காயெண்ணெயிலேயே பொரித்தால் என்ன என்று தோன்றும். செக்கு எண்ணெய் 175 பாகைப் பக்கத்திலேயே புகையத் தொடங்கிவிடும், நமக்கு வேண்டிய சூடும் அதுதான், இடைவெளியே கிடையாது. வேறு எண்ணெயோடு கலந்தால் நுரைத்துப் பொங்கும். மணம் பாலில் இருக்கிறது, எண்ணெயிலும் தேட வேண்டாம்.

சூடு 170 முதல் 175 பாகை. வெப்பமானி இல்லாவிட்டால் கொண்டைக்கடலை அளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் போய், மூன்று நான்கு எண்ணுவதற்குள் மேலே வந்து, ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. போட்டவுடன் மேலேயே நின்று படபடவென்று சிவந்தால் சூடு அதிகம். அடியில் தங்கிச் சோம்பிக் கிடந்தால் இன்னும் காயவில்லை.

பக்கத்துக்கு ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம். மேல் பக்கம் இருந்த பக்கத்தை முதலில் எண்ணெயில் படும்படி கவிழ்த்துப் போடுவது நல்லது. உலர்ந்த மேல்தோல் முதலில் பொரிந்து, அடிப்பக்கம் தாராளமாக உப்பும். திருப்பிய பிறகு கண்கரண்டியால் நடுச்சந்தியின் மேல் எண்ணெயை வாரி வாரி ஊற்றுங்கள், பூரிக்குச் செய்வதுபோல. பல முறை திருப்பக் கூடாது. இரண்டு பக்கமும் சிவந்த பிறகும் இடுப்பில் சுற்றிலும் வெளிறிய கோடு தெரிந்தால் மாவு நன்றாக உப்பியிருக்கிறது என்று பொருள், அதை வேகவில்லை என்று நினைத்து இன்னும் விட வேண்டாம்.

முதல் எட்டை எடுத்ததும் சந்தியில் பிய்த்துப் பாருங்கள். உள்ளே ஈரப்பசை தெரிந்தால் அடுத்ததற்குத் தீயைக் குறைத்து, பக்கத்துக்கு அரை நிமிடம் கூட்டுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு எண்ணெய் பழைய சூட்டுக்கு வர ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். 160-க்குக் கீழே இறங்கிய எண்ணெயில் போட்டால் மேல்தோல் இறுகுவதற்குள் மாவு எண்ணெயைக் குடித்துவிடும்.

வடிதட்டில் இரண்டு நிமிடம் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் சீனியில் புரட்டுங்கள். உடனே புரட்டினால் சீனி உருகிப் பிசுபிசுக்கும். ஆறிய பிறகு புரட்டினால் ஒட்டாமல் தட்டிலேயே உதிரும். பொடித்த சீனி வேண்டாம், சாதாரணப் படிகச் சீனிதான் பல்லில் நறநறவென்று நிற்கும்.

எங்கே பிழைத்தது

உள்ளே நெருக்கமாக, கட்டியாக இருக்கிறதா? மாவு இரண்டு மடங்காகுமுன் முறுக்கியிருப்பீர்கள், அல்லது மைதா அளவு கூடியிருக்கும். பெரிய பெரிய ஓட்டைகளோடு எண்ணெய் வடிந்தால் நேர்மாறு, அதிகம் புளித்துவிட்டது. அப்படித் தாண்டிப்போன மாவை வீணாக்க வேண்டியதில்லை: அமுக்கி, திரும்ப உருட்டி, பதினைந்து நிமிடம் வைத்து, எட்டு முறுக்காமல் சின்ன உருண்டைகளாகப் பொரித்துவிடுங்கள்.

மேல்தோலில் கொப்புளம் கொப்புளமாக வந்தால், காற்றை இறக்காமல் உருட்டியிருக்கிறீர்கள். தோல் வறண்டு வெடித்தால் ஓய்வின்போது மூடாமல் விட்டது. மின்விசிறிக்கு அடியில் வைப்பவர்களுக்கு இது நிச்சயம். பொரித்து எடுத்ததும் சுருங்கிச் சுருக்கம் விழுந்தால் இரண்டாவது ஓய்வு நீண்டுவிட்டது.

தேங்காய் மணமே இல்லை என்பது இன்னொரு புகார். பால் நீர்த்ததாக இருந்திருக்கும், அல்லது பழைய எண்ணெய். மீன் பொரித்த எண்ணெயில் இதைச் சுட்டால் மீன்தான் மணக்கும்.

நிறம் வராமல் வெளிறி நின்றால் எண்ணெயின் சூட்டைச் சோதியுங்கள். அது சரியென்றால் மாவு அளவுக்கு மீறிப் புளித்து, சிவக்க வேண்டிய சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிட்டது.

எப்போது, எதோடு

சுட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய பலகாரம் இது. மறுநாள் மீந்தால் சீனி புரட்டாதவற்றை 160 பாகை அடுப்பில் ஐந்து நிமிடம், இல்லையென்றால் மூடிய தோசைக்கல்லில் சிறு தீயில் இரண்டு நிமிடம் சூடாக்கலாம். மைக்ரோவேவில் வைத்தால் முதல் நிமிடம் பஞ்சு, மூன்றாம் நிமிடம் தோல். புரட்டும் சீனியை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்வது இதனால்தான்.

பாலினேசியாவின் மற்றத் தீவுகளிலும் இதன் உறவினர்கள் இருக்கிறார்கள். தொங்காவில் ‘கேக்கே ஈசித்தே’ என்று ஈஸ்ட் மாவை உருண்டையாகப் பொரிப்பார்கள். ‘ஈசித்தே’ என்பது ஈஸ்ட் என்ற சொல்லேதான். சமோவாவின் ‘பானிகேக்கே’ அவசரக்காரர்களுக்கு ஏற்றது: 250 கிராம் மைதா, 60 கிராம் சீனி, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, நன்கு பழுத்த வாழைப்பழம் இரண்டு மசித்தது, 120 மில்லி தேங்காய்ப்பால். கெட்டியான போண்டா மாவுப் பதத்தில் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். பழம் சிறியதென்றால் பாலை ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். கையை நனைத்து, போண்டாவுக்குக் கிள்ளிப் போடுவதுபோலவே எலுமிச்சை அளவுக்குச் சற்றுக் குறைவாக எண்ணெயில் விட வேண்டியதுதான். உருண்டை எட்டைவிடத் தடிமன் என்பதால் சூடு 160 முதல் 165 பாகைக்குள் இருக்கட்டும், நான்கைந்து நிமிடம் பிடிக்கும். பழம் சேர்ந்ததால் சீக்கிரம் கறுக்கும், தீயை ஏற்ற வேண்டாம். எட்டு முறுக்கக் கை பழகாதவர்கள் முதல் ஞாயிற்றுக்கு இதைச் செய்து பார்த்து எண்ணெயின் சூட்டைப் பழகிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை இரவு ஃபிரிஃபிரிக்கு மாவு பிசையலாம்.